வாடாத புல்லும் வாட்டமும்

லாஸ் வேகாஸ் நகரின் புறத்தே நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு ஜூன் மாதம் தங்கியிருந்தபோது, அவர் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த புல்தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் செயற்கைப் புல் பதிக்கும் வேலையை, மூன்று நாட்களும் உடனிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. பிளாஸ்டிக் புல்லைக் கண்டால் முகம் சுளிக்கிறவன் நான். அந்தப் பொருளின்மீது எனக்கு இன்றும் பிரியம் உண்டாகிவிடவில்லை. ஆனால் அதைப் பதித்த நால்வருடைய வேலையைப் பற்றி எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

ஆண்டு முழுவதற்கும் சுமார் நாலு அங்குல மழையே பெய்யும் அந்தப் பாலைவனப் பிரதேசம், தன் ஜலத்தில் ஏறக்குறைய 90 சதவிகிதத்துக்குக் கொலராடோ நதியை, அதாவது 1935-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹூவர் அணை தேக்கிவைத்திருக்கும் மீட் ஏரியை நம்பியிருக்கிறது. வீட்டுக்குள் புழங்கிய நீர் சுத்திகரிக்கப்பட்டுத் திரும்பவும் அந்த ஏரிக்கே போய்ச் சேர்ந்துவிட, தோட்டத்துக்கு இறைத்த நீர் மட்டும் வெயிலுக்கு ஆவியாகித் திரும்பாமலே போய்விடுகிறது. அதனால்தான், யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ நீரைப் பாய்ச்சக்கூடாதென்று 2021-இல் அம்மாநிலம் சட்டம் செய்தது. தனி வீடுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆயினும் ஒரு சதுர அடிப் புல் ஆண்டொன்றுக்கு 73 காலன் நீரைக் குடிக்கிறது என்ற கணக்கு நண்பர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. குளத்தை வைத்துக்கொண்டு புல்லை மட்டும் விலக்குவானேன் என்று கேட்டேன். “குளத்தில் பிள்ளைகள் தினம் நீந்துகிறார்கள், இந்தப் புல்லில் வெட்டுகிறவனைத் தவிர யார் நடந்தார்கள்?” என்றார். அதில் நியாயம் இருந்தது.

உச்சி வெயிலில் அந்த ஊரில் வெளிவேலை செய்வது பிராணாபாயம் என்பதால், விடியற்காலை ஐந்து மணிக்கே வேலையாட்கள் வந்துவிட்டார்கள். நால்வரும் மெக்ஸிகோ நாட்டார். தலைவரை மற்ற மூவரும் ‘மாயெஸ்த்ரோ’ என்று விளித்தார்கள். போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து ‘மேஸ்திரி’ ஆகிவிட்ட சொல்லுக்கு உடன்பிறந்த சொல் அது என்று உணர்ந்த கணத்திலிருந்து நானும் அவரை மேஸ்திரி என்றே நினைக்கலானேன்.

நாலு அங்குல ஆழத்துக்கு மண்ணை அகழ வேண்டும். நம் நாட்டில் சுக்கான் பாறை என்கிறோமே, அதே சுண்ணாம்புக் கெட்டி அங்கேயும் மண்ணுக்கடியில் படிந்து கிடக்கிறது. அதை உடைக்க இயந்திரச் சுத்தியல் வேண்டியிருந்தது. ஆனால் குளத்தின் விளிம்புக் கல்லை நெருங்கியதும் மேஸ்திரி கையை உயர்த்தினார்; இயந்திரங்கள் நின்றன. குளத்தின் உட்சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு அடி தள்ளி, தரைக்கு நாலைந்து அங்குலம் கீழே, உறையற்ற செம்புக் கம்பி ஒன்று குளத்தைச் சுற்றி ஓடுகிறது. குளத்தைச் சார்ந்த உலோகம், நீர், தரை ஆகிய யாவற்றையும் ஒரே மின்னழுத்தத்தில் பிணைத்து, ஈரக்காலோடு நிற்பவனை மின்சாரம் தாக்காமல் காப்பது அதுவே. மேஸ்திரி முழந்தாளிட்டுச் சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டி, செம்பு தென்பட்டதும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த வட்டம் முழுவதையும் அவரே கையால் தோண்டினார். அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் உடைகல் தூளை மூன்று அங்குலம் பரப்பி, நீர் தெளித்து, அதிரும் இயந்திரத்தால் திமிசு போட்டார்கள். இந்த வேலையின் ஜீவன் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மேலே விரிக்கும் பச்சை எத்தனை உயர்ந்ததானாலும், அடியில் வாட்டம் பிசகினால் குளத்திலிருந்து தெறிக்கும் ஜலம் தேங்கி நாறும். அல்லது மண்ணைச் சுமந்துகொண்டு குளத்துக்கே திரும்பும். ஆகவே குளத்தை விட்டு விலகிச் செல்லும்படி, எட்டடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சரிவு வைத்து, மட்டப்பலகையின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும், ஒரு பிடி தூளை அள்ளிப் போடுவதும், மறுபடி திமிசு போடுவதுமாக மாலையாகிவிட்டது. வாடாத புல்லுக்கு வாட்டம் வேண்டியிருக்கிறதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சிலேடையை மேஸ்திரிக்கு ஆங்கிலத்தில் விளக்கும் வழி தெரியவில்லை.

மூன்றாம் நாள் பதினைந்தடி அகலச் சுருள்கள் வந்தன. 1965-இல் திறந்த ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் மைதானத்தில், கூரைக் கண்ணாடி கண்ணைக் கூசச் செய்கிறதென்று அதற்கு வர்ணம் பூசப்போக, வெளிச்சமின்றி உள்ளேயிருந்த புல் செத்துப்போனதும், அடுத்த ஆண்டு அங்கே நைலான் புல் விரிக்கப்பட்டதுமே இப்பொருளின் பிரசித்திக்குக் காரணம். இன்றைய புல் ஜமக்காளத்துக்கு அண்ணன் தம்பி போன்றது. தரைவிரிப்பு செய்யும் பாணியிலேயே துணியில் இழை குத்தித் தயாராகிறது. அதனால் அதற்குக் கரை உண்டு, இழை சாயும் திசையும் உண்டு. இரு துண்டுகளின் கரையை வெட்டிச் சேர்க்கும்போது, இடைவெளி இழை வரிசைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியைவிட அதிகமாகவும் கூடாது, குறையவும் கூடாது. இருபது வயதுகூட நிரம்பாத இளைஞன் ஒருவன், பசையில் இழை சிக்காதபடி ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கி ஒதுக்கி அந்த மூட்டைச் சேர்த்தான். ஓரத்தில் ஆறங்குல ஆணி அறையும்போதும் அப்படியே: இழைகளைப் பிளந்து ஆணியை இறக்கிவிட்டு, மீண்டும் கோதிவிட்டான். வேலை முடிந்தபின் மூட்டு எங்கே என்று நான் தேடித் தோற்றேன்.

வீட்டின் இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயில் புல்லை உருக்கிவிடும் என்று, விழும் இடத்தை முன்தினமே குறித்துவைத்து, ஜன்னலுக்கு வலைத்திரை போடச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. வெப்பத்தைப் பற்றியும் அவர் ஒளிக்கவில்லை. பகல் பதினொரு மணிக்கு என் உள்ளங்கையைப் பிடித்துப் புதுப் புல்லின்மேல் வைத்தார். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். “பிள்ளைகள் வரும்முன் தண்ணீர் தெளியுங்கள், ஐயா, அதுவும் சிறிது நேரந்தான் தாங்கும்” என்று நண்பரிடம் சொன்னார். விற்கிற பொருளின் குறையை விற்றவனே சொல்லக் கேட்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

மணல் தூவி, விசைத் துடைப்பத்தால் இழைகளை நிமிர்த்தி, சாமான்களை வண்டியில் ஏற்றியபின், மேஸ்திரி நீண்ட கோல் வலையை எடுத்துக் குளத்தில் மிதந்த பச்சைத் துணுக்குகளை அரித்தெடுத்தார். ஒன்று மட்டும் வலைக்கு அகப்படாமல் படியோரம் ஒதுங்கிச் சுழன்றது. வண்டியிலிருந்து இளைஞன் கூப்பிட்டான். அவர் குந்தி உட்கார்ந்து, அது கைக்கெட்டும் தூரம் வரும்வரை காத்திருந்தார்.