ஆரணியில் ஒரு கம்பளிக் குல்லாய்

சரித்திரப் புத்தகங்கள் 1751-ஆம் வருஷத்துச் சண்டைக்காக ஆரணியைக் குறிப்பிடுகின்றன. ஆனால் வேலூருக்குத் தெற்கே, கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூருக்குப் பேர் வாங்கித் தந்தது பட்டுதான்.

மார்கழி விடியற்காலையில் ஒரு நெசவாளர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவர் தறிக்குழியில் காலை இறக்கிச் சேலை நெய்துகொண்டிருந்தார். அவருடைய மனைவியோ கூடத்தில் அமர்ந்து, தடித்த கம்பளி நூலால் பேரனுக்குக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தார்.

தறிக்குப் பாவு, ஊடை இரண்டும் வேண்டும்; குரோஷாவுக்கு ஒரே நூலும் ஒரு கொக்கி ஊசியும் போதும். கண்ணிக்குள் கண்ணியாக இழுப்பதால், தலைக்குத் தக்கபடி குல்லாய் விரிந்து கொடுக்கிறது. உச்சியில் சிறு வட்டமாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டினார். வட்டம் வேண்டிய அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்த, விளிம்பு தானே வளைந்து இறங்கிற்று. முந்தின வரிசைக் கண்ணியின் தண்டைச் சுற்றி ஊசியை விட்டு இழுத்த இடங்களில் புடைப்பு வரிகள் எழும்பின.

"பெரியவர்களுக்கானால்?" என்று கேட்டேன்.

"உச்சி வட்டம் ஒரு விரற்கடை கூட வேண்டும்."

50 சென்டிமீட்டர் சுற்றுள்ள குழந்தைத் தலைக்கு ஏறக்குறைய 16 அகல வட்டம். 56 சுற்றுக்கு 18. கரும்பலகையில் நான் வருஷந்தோறும் எழுதிப் போடும் கணக்கு அவர் விரலிலேயே இருந்தது!

குழியிலிருந்து நெசவாளர் குரல் கொடுத்தார்: "எனக்கும் ஒன்று போடச் சொல்லி மூன்று மார்கழி போய்விட்டது. நான் நெய்வதெல்லாம் படி தாண்டிப் போகிறது. அதுவாவது வீட்டில் தங்கட்டுமே!"

அம்மையார் பதில் கூறவில்லை. எழுந்து போய், கையிலிருந்த நூலாலேயே அவர் தலையைச் சுற்றி அளந்தார்.