சின்ன ரயில் போன வழி

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் பலரும் நேராகத் தர்மபுரிப் பேருந்தைத் தேடித்தான் நடக்கிறார்கள். சென்னையிலிருந்து சேலத்துக்குப் போகும் பெரிய பாதை 1860களிலேயே இந்த ஊரைத் தொட்டுவிட்டது. தர்மபுரியோ மேற்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த இடைவெளியில் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஒன்று ஓடியது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். 1906-இல் தர்மபுரி வரை வந்தது. 1913-இல் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூரை எட்டியது. 1941-இல் போர்க்காலத் தேவைக்காகப் பாதையை மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். தர்மபுரிப் பகுதிக்கு முப்பத்தைந்து வருஷம்தான் அந்தக் கொடுப்பினை.

லாபத்தை எண்ணிப் போட்ட பாதை அல்ல அது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பழைய சேலம் ஜில்லா பட்ட பாடு பெரிது. வேறு சீமையில் தானியம் இருந்தும், அது உள்ளூருக்கு வந்து சேருவதற்குள் ஆளும் மாடும் செத்து விழுந்தன. மறுபடி மழை பொய்த்தால் மூட்டைகள் உள்ளே வர ஒரு வழி வேண்டும் என்றுதான் பஞ்சக் காப்புப் பாதையாக இதை அமைத்தார்கள். பசிக்கு எதிராக இரும்பில் போட்ட ஒரு கோடு! அதனால்தான் இந்த ரயில்மேல் எனக்கு இத்தனை பிரியம்.

என் பாட்டி பாலக்கோட்டுப் பக்கம் பிறந்தவர். ரயில் ஓடியதைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை; நின்றதைப் பற்றித்தான் சொல்வார். தண்டவாளம் போன பிறகு அவருடைய அப்பா புளி மூட்டைகளை மறுபடியும் மாட்டு வண்டியில் ஏற்றினாராம். சாயங்காலம் வண்டி பூட்டினால் இரவெல்லாம் பயணம். மூட்டைக்கு மேல் படுத்துத் தூங்கப் பழகியதைச் சொல்லும்போது பாட்டியின் முகத்தில் ஒரு பெருமை வரும். ஊருக்கு அது இழப்பு என்பது எனக்குப் புரிகிறது. அந்தச் சிறுமிக்கோ நட்சத்திரம் பார்த்துக்கொண்டே போக ஒரு வண்டி கிடைத்தது.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளிலும் இப்படி ஒரு குறுகிய பாதை உண்டு. டென்னசியையும் வட கரோலினாவையும் இணைத்த அந்த மூன்றடிப் பாதையை ஊர்க்காரர்கள் ‘ட்வீட்ஸி’ என்று செல்லமாக அழைத்தார்கள். அது 1950-இல் நின்றுபோனது. ஆனாலும் 1917-இல் செய்த ஒரு நீராவி எஞ்சினைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இன்றும் அது குழந்தைகளை இழுத்துக்கொண்டு சுற்றி வருகிறது. அந்த மலைகளில் மரப் பாலங்களுக்குக் கூரையும் போட்டிருக்கிறார்கள். மழை உள்ளே இறங்கினால் உத்திரம் உளுத்துவிடும் என்பதால், பாலத்துக்கே ஒரு வீடு கட்டினார்கள்.

நம் பக்கத்தில் அந்தக் கரிசனம் பரிசலுக்குக் கிடைத்திருக்கிறது. ஒகேனக்கல்லில் மூங்கிலை வளைத்துப் பின்னிய கூடைக்கு முன்பு தோல் போர்த்தினார்கள்; இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். கரைக்கு வந்ததும் பரிசல்காரர் அதைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அருவி விழுகிற இடத்தின் கார்பனடைட் பாறைகளுக்குச் சுமார் 240 கோடி வயது. காவிரி அறுத்துப் போட்ட அந்தச் சந்துகளில் பரிசல் நுழையும்போது இரு பக்கமும் பாறை ஏறி நிற்கும். பேச்சு தானாக நின்றுவிடும்.

சின்ன ரயில் ஒகேனக்கல்லுக்குப் போனதில்லை. பென்னாகரம் போகும் சாலையிலிருந்து விலகிப் பாப்பாரப்பட்டிக்குத் திரும்புகிறபோதுதான் அது மறுபடி என் நினைவுக்கு வரும். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் இருந்த ஊர் அது. 1908-இல் வ.உ.சி.யோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டவர். சிறையில் தொழுநோய் பற்றியது. 1912-இல் வெளியே வந்தபோது வயது இருபத்தெட்டு. தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்தது. கப்பல் விட்ட வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்த அதே ஆட்சி, அவருடைய தோழரை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை. புண்ணைத் துணியால் சுற்றிக்கொண்டு, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்குக் கோயில் கட்ட இடம் வாங்கினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ஆம் தேதி, நாற்பத்தொரு வயது முடியும் முன்பே, அங்கேயே சிவா காலமானார்.

அவர் அங்கே வாழ்ந்த வருஷங்களில் தர்மபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே அந்தச் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சத்தில் சாகக் கூடாது என்று மக்களுக்காகப் போட்ட பாதையில், அந்த மக்களுக்காகவே உடம்பை இழந்தவருக்கு இடமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நூறு வருஷம் கழித்து வருகிற கோபம்தான், ஆனாலும் குறையவில்லை.

இப்போது பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகச் சேலம்–பெங்களூர் அகலப் பாதை போகிறது. மொரப்பூர்–தர்மபுரிப் பாதையை மறுபடி அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அந்த வண்டி ஓடத் தொடங்குகிற நாளில் தர்மபுரி நிலையத்தில் சிவாவின் பெயரைத் தாங்கிய ஒரு கல் வேண்டும். அவர் எதற்காகச் சிறை போனார், எந்தச் சட்டம் அவரை ரயிலில் ஏற விடவில்லை, பிறகு எப்படி ஊர் ஊராகப் போனார் என்ற மூன்றையும், பயணச்சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறவர் படிக்கும்படி, தமிழில் பெரிய எழுத்தில் அதில் வெட்ட வேண்டும்.