இணைச் செயலாளர்

பொதுக்குழு மாலை ஆறு மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தது. உப்பள அண்ணாச்சி வந்து இறங்கியபோது ஆறே முக்கால். அதற்கப்புறம்தான் அந்த ஹாலுக்கு ஆறு மணி ஆனது.

தூத்துக்குடியில் ஒரு மனமகிழ் மன்றம், பெயர் வேண்டாம். சீட்டு மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி நாற்காலி போட்டிருக்கிறார்கள். நண்பரோடு வந்த எனக்கு ஓட்டு கிடையாது. கடைசி வரிசையில் இடமும் டீயும் உண்டு.

முன்வரிசை உப்பளக்காரர்களுக்கும் ஷிப்பிங் ஏஜென்டுகளுக்கும். அடுத்து இறால் ஏற்றுமதி. அதற்கும் பின்னால், எந்நேரமும் போன் காதிலிருக்கும் கிளியரிங் ஏஜென்டுகள். ஓரத்தில் ஓய்வு பெற்ற துறைமுக அதிகாரி ஒருவர், மடியில் பைலா புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு. அவர் எழுந்தால் எல்லோரும் மரியாதையாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். சொல்வதை யாரும் கேட்பதில்லை.

பதவி வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"எனக்கெதுக்குவே இதெல்லாம்? சுகர் வேற கூடிக்கிடக்கு" என்கிறார் அண்ணாச்சி. அவருக்கான ரோஜா மாலை டிரைவர் கையில் வாசலிலேயே நிற்கிறது. முன்மொழிந்தவர் பெயரைச் சொல்லி முடிக்குமுன் வழிமொழிந்தாயிற்று. கைதட்டல். தலைவர் ஆயிற்று.

துணைத் தலைவர் இடத்தில்தான் இழுபறி. ஷிப்பிங் ஏஜென்டும் இறால்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பேசிக்கொண்டார்கள். ஒருவர் புருவத்தை ஏற்ற, இன்னொருவர் மோதிரத்தைத் திருக, நடுவில் ஒருவர் குனிந்து இரண்டு காதுக்கும் நடந்தார். இந்தக் கரையில் முத்து வியாபாரிகள் துணிக்கடியில் விரல் பிடித்து விலை பேசியது போல. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது, பேரம் நிற்கவில்லை. முடிவில் இரண்டு துணைத் தலைவர்கள். "பைலாவில் ஒருவர்தான்" என்று சிவப்பு மைக்காரர் எழுந்தார். "திருத்திக்கிடலாம் சார், உக்காருங்க."

பொருளாளர், ஆடிட்டர். இதில் பேச்சே இல்லை.

"அடுத்து, இணைச் செயலாளர்" என்றதும் ஹாலில் எல்லாருக்கும் போனில் ஏதோ வந்துவிட்டது.

1906 அக்டோபரில் இதே ஊரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோதும் பதவிகள் ஏறக்குறைய இப்படித்தான் விழுந்தன. தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். செயலாளர், இரண்டு லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கிய ஹாஜி முகமது பக்கீர் சேட். ஒரு வக்கீலை உதவிச் செயலாளர் என்று போட்டார்கள். பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. அதை விற்க ஊர் ஊராக அலைந்தவர் அந்த வக்கீல். பம்பாய் வரை போய்க் கப்பலுக்கு முயன்றவரும் அவர். 'காலியா'வும் 'லாவோ'வும் வந்து கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. 1908-இல் சிறைக்குப் போனதும் உதவிச் செயலாளர்தான். தேவரையும் சேட்டையும் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அவர்கள் பெயரும் பணமும் இல்லாமல் அந்தக் கம்பெனி மிதந்தே இருக்காது. ஆனாலும், 1974-இல் பெருந்துறைமுகமான இடத்துக்கு 2011-இல் பெயர் சூட்ட வந்தபோது, கம்பெனித் தலைவரை விட்டுவிட்டு அந்த வக்கீல் வ.உ.சி.யைத்தானே தேடினார்கள்!

இங்கே தேடல் வேறு மாதிரி. போன வருஷம் சேர்ந்த ஒரு பையன், கிளியரிங் ஏஜென்ட் மகன், டீ கிளாஸ்களை எடுத்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தான். அண்ணாச்சியின் கண் அங்கே நின்றது.

"தம்பி பேரைப் போடுங்க. துடியான பய."

"அண்ணாச்சி, எனக்கு ஆபீஸ்ல நைட்டு..."

கைதட்டலில் மீதி கேட்கவில்லை.

சால்வைகள் கணக்குப் போட்டு வாங்கியவை; துணைத் தலைவர் இருவராகிவிட்டதால் கடைசியில் ஒன்று குறைந்தது. ஆடிட்டர் தன் தோளில் கிடந்ததை எடுத்துப் பையன் மேல் போட்டார். போட்டோ எடுக்கும்வரைதான், பிறகு மடித்து வாங்கிக்கொண்டார். அதற்குள் ஆட்கள் மொய்த்தாயிற்று. ஏசி சொட்டுகிறது. மெஸ்ஸில் சீலா மீன் என்று சொல்லி வேறெதையோ பொரிக்கிறான். நாலாம் மேசையில் சீட்டுக்கட்டு புதுசு வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான் பையன். சிவப்பு மைக்காரர் மினிட் புத்தகத்தை அவன் கையில் திணித்தார்.

"எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கிருங்க. முதல்ல தலைவர்."

தலைவரின் கார் அதற்குள் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கண்ணாடி பாதி இறங்கியது.

"நாளைக்கு வீட்டுக்கு வாடே. வரும்போது மக்ரூன் கால் கிலோ வாங்கிட்டு வா, வீட்டம்மாகிட்ட சொல்லாத."