நான்கு காலும் தரையில்

காலை 5.40 மணி. மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. காவலாளி நீட்டிய பதிவேட்டில் ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் மாஸ்டர் ‘நாய்’ என்று எழுதினார். அடுத்த வரியில் நான் ‘மேற்படி’ என்று எழுதிவிட்டு அவர் பின்னால் நடந்தேன். லிஃப்ட் பொத்தானை அழுத்தப் போனேன். “நமக்கு அந்தப் பக்கம் சார்” என்று சாமான் ஏற்றும் லிஃப்டைக் காட்டினார்.

சென்னையில் வீடு வீடாகப் போய் நாய் பழக்குகிறவர்களுக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர் வரிசையில் இவர்களும். என்னைக் கூட்டிப்போனவர் ஐம்பதை நெருங்குகிறவர். ஒரு மொபெட், இடுப்பில் ஒரு பை, பைக்குள் இரண்டு டப்பா. ஒன்றில் வேகவைத்துப் புளியங்கொட்டை அளவில் நறுக்கிய கோழி ஈரல், இன்னொன்றில் பனீர். “சைவ வீட்டுல ஈரல் டப்பாவத் திறக்கக் கூடாது சார். அப்புறம் அந்த வீட்டு நாய் நமக்குக் கிடைக்காது.” ஒரு நாளைக்கு ஏழு வீடு. வெயில் காலத்தில் 9 மணிக்குள் காலை வேலையை முடித்துவிடுவார். அதற்கு மேல் தார் ரோட்டில் நாயின் பாதம் வெந்துவிடும். மறுபடி சாயங்காலம் ஐந்துக்குத் தொடங்க வேண்டும்.

உட்காருவது, படுப்பது, கை கொடுப்பது என்று அவர் சொல்லித்தரும் பாடங்கள் பல. ஆனால் அவருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் நான் அதிகம் கேட்டது ஒரே வாக்கியத்தைத்தான்: “வர்றவங்க மேலெல்லாம் எகிறுது மாஸ்டர்.” அந்த ஒரு பாடத்தைப் பார்க்கத்தான் மூன்று வாரம் அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தேன்.

நான்காவது மாடி. மணி அடித்ததும் கதவுக்கு உட்புறம் நகம் பிறாண்டும் ஓசை. கதவு திறந்தது, வெளிர் மஞ்சளில் ஒரு மூட்டை பறந்து வந்தது. லாப்ரடார், ஒன்பது மாதம், 27 கிலோ, பெயர் லட்டு. முன்னங்கால் இரண்டும் மாஸ்டரின் மார்பில். மாஸ்டர் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பினார். அதட்டவில்லை, தள்ளவில்லை. லட்டு இறங்கியது, ஏறியது, சுற்றிப்போய் முதுகில் ஏறியது, முகத்துக்கு நேரே வந்து குரைத்தது. பதினொரு முறை ஏறியது, எண்ணினேன். பன்னிரண்டாவது முறை ஏறுமுன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் மாஸ்டர் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘ட்ச்’ என்று ஒலி எழுப்பினார். ஒரு துண்டு பனீர் தரையில் விழுந்தது.

உள்ளேயிருந்து பாட்டியின் குரல்: “பல்லி சொல்றது பாரு. நல்ல சகுனம்தான்.”

அந்தப் பல்லிச் சத்தத்தில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. பைக்குள் கைவிட்டு, எடுத்து, குனிந்து கொடுப்பதற்குள் நாய் அடுத்த காரியத்துக்குப் போயிருக்கும். கூலி அந்தக் காரியத்துக்குப் போய்ச் சேரும். “நீ செய்தது இது, இதற்குத்தான் கூலி” என்று அந்த நொடியிலேயே முத்திரை குத்த ஒரு சத்தம் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1951-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில், விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றிய கட்டுரையில் இதை விளக்கினார். அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தமிடும் குழந்தைகளின் பொம்மையே போதும் என்றார். மாஸ்டர் ஸ்கின்னரைக் கேள்விப்பட்டதில்லை. “கருவி வாங்கினேன் சார், தொலைஞ்சு போச்சு. நாக்கு தொலையாது.”

பாட்டிக்கு 78 வயது. முன்கையில் நீளமாக ஒரு தழும்பு. லட்டு பாசத்தோடு ஏறி இறங்கியபோது நகம் இழுத்தது. வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. ரத்தம் கசியாத கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். லட்டுவுக்கு ஊசி போட்டிருந்தும், பாட்டிக்குப் போடாமல் விட மருத்துவர் துணியவில்லை. முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு முறை பாட்டியை ஆட்டோவில் ஏற்றி இறக்கினார்கள். நான்காவது ஊசி முடிந்த அன்று மருமகள் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

ஏன்தான் ஏறுகிறது? ஆளைத் தாழ்த்தித் தன் அதிகாரத்தைக் காட்டுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970-களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். வேட்டை முடித்துப் பொந்துக்குத் திரும்பும் செந்நாய்களை மொய்த்து, குட்டிகள் வாயோரத்தை நக்கும். பெரியவை இரையைக் கக்கி ஊட்டும். ஓநாய்களிடமும் இதே வழக்கம். வெளியே போய் வந்தவரின் வாயருகே போவதுதான் குட்டிக்கு வரவேற்பு. மனிதனின் வாய் ஐந்தடி உயரத்தில் இருப்பது லட்டுவின் குற்றமல்ல.

பழைய பாடம் வேறு. மாஸ்டர் இருபது வயதில் ஒரு நாய்ப் பண்ணையில் உதவியாளாகச் சேர்ந்தார். ஏறுகிற நாயின் நெஞ்சில் முழங்காலால் இடிக்க வேண்டும், பின்னங்கால் விரலை மிதிக்க வேண்டும், கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுக்க வேண்டும். அங்கே கற்றது இவ்வளவுதான். “நானும் பண்ணியிருக்கேன். ஒரு டாபர்மேன் சார். மூணே நாள்ல நிறுத்திட்டேன். ஓனருக்கு ரொம்ப சந்தோஷம். அதுக்கப்புறம் அது யார் மேலயும் ஏறல. யார் பக்கத்துலயும் வரல.” இதைச் சொன்னபோது அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் நாள் என்னை விருந்தாளி ஆக்கினார். லட்டுவின் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டினார். நான் கூடத்தின் மறுமுனையிலிருந்து நடந்து வர வேண்டும். நான்கு காலும் தரையில் இருக்கும்வரை முன்னால் ஓரடி. எகிறினால் பின்னால் ஓரடி. பதினான்கு அடிக் கூடத்தைக் கடக்க எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது. ஒரு கட்டத்தில் லட்டு என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, வேண்டுமென்றே அசையாமல் நின்றது. நான் வந்தேன். என்னை நடத்தும் ரிமோட் தன் கால்களில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது! பிறகு வெறும் மணிப் பயிற்சி: இருபது முறை அழைப்பு மணி அடிக்கும், யாரும் வர மாட்டார்கள். அடுத்து, ஏறத் தொடங்குமுன்பே ‘சிட்’. உட்கார்ந்த நாய் அதே நேரத்தில் எகிற முடியாது.

சொற்களிலும் ஒரு குழப்பம். அந்த வீட்டில் மகன் ‘டவுன்’ என்றார், மருமகள் ‘நோ’ என்றார், பேரன் ‘ஸ்டாப்’ என்றான், பாட்டி ‘சீ, அந்தண்ட போ’ என்றார். பயிற்சி மொழியில் ‘டவுன்’ என்றால் படுக்க வேண்டும். மாஸ்டர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘சிட்’ ஒன்றை மட்டும் விட்டார். கிராமத்தில் ‘த்தோ த்தோ’ என்றால் வரும், ‘ச்சூ’ என்றால் ஓடும். நகரத்து நாய்க்கு ஏன் ஆங்கிலம் என்று கேட்டேன். “‘உக்காரு’ன்னு வீட்டுல எல்லாரையும் சொல்லுவாங்க சார். ‘சிட்’னு அதை மட்டும்தான் சொல்லுவாங்க.”

நான்காம் நாள் எல்லாம் கெட்டது. லட்டு முன்னைவிட உயரமாகப் பாய்ந்தது, குரைத்தது, மாஸ்டரின் சட்டைக் கையைப் பல்லால் இழுத்தது. மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் கட்டிய பணம் தெரிந்தது. மாஸ்டருக்கு மட்டும் இது எதிர்பார்த்ததுதான். சுவிட்சைப் போட்டு மின்விசிறி சுற்றாவிட்டால் நாம் உடனே எழுந்து போய்விடுவதில்லை. படபடவென்று நாலு முறை தட்டுகிறோம். இதுவரை வேலை செய்த சுவிட்ச் செய்யவில்லை, அவ்வளவுதான். இந்த நாளில்தான் பாதி வீடுகள் தோற்கின்றன. போனால் போகிறது என்று யாராவது தடவிக்கொடுத்துவிட்டால், இன்னும் உயரமாகப் பாய்ந்தால் கிடைக்கும் என்பதுதான் பாடமாகிவிடும். வேளச்சேரியில் ஒரு வீடு அந்த வாரமே “உங்க முறை செட் ஆகல” என்று மாஸ்டரை நிறுத்திவிட்டது.

லட்டு வீட்டிலும் ஓட்டை இருந்தது. பகலெல்லாம் ஒழுங்கு, காலையில் பார்த்தால் பழைய கதை. மகன்தான். இரவு ஒன்பதரைக்கு அலுவலகத்திலிருந்து வருகிறவர். “வீட்டுக்குள்ள வந்தா ஓடி வர்றது இது ஒண்ணுதான் மாஸ்டர். தினமும் இல்ல, எப்பவாவது.” எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. ஆனால் ‘தினமும்’ என்பதைவிட ‘எப்பவாவது’ மோசம். 2003-இல் தடை வரும்வரை தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்றதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு சீட்டுக்கும் பரிசு விழுந்து, ஒருநாள் நின்றிருந்தால், மறுவாரமே கடையை மறந்திருப்பார்கள். எப்போதோ ஒருமுறை விழும் என்பதால்தான் கைக்காசு தீரும்வரை வாங்கினார்கள். மாஸ்டர் மகனைத் தடுக்கவில்லை, வழியை மாற்றினார். செருப்பைக் கழற்றியதும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சலாம். வாய் தரைக்கு அருகில் வந்துவிட்டால் நாய் ஏன் ஏறப்போகிறது?

ஒருவர்மேல் மட்டும் லட்டு ஏறுவதே இல்லை என்பதை ஐந்தாம் நாள்தான் கவனித்தேன். 6.30-க்கு வரும் வேலைக்கார அக்கா. கதவு திறக்கும், லட்டு தலையைத் தூக்கும், வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

“ஒங்க மேல ஏறாதாக்கா?” என்றார் மாஸ்டர்.

“ஆரம்பத்துல ஏறிச்சு. எனக்கு ஏது நேரம்? இன்னும் நாலு வீடு இருக்கு. அது பாட்டுக்கு ஏறும், நான் பாட்டுக்குப் பெருக்குவேன்.”

மாஸ்டர் சிரித்துவிட்டார். “இதத்தான் சார் நான் காசு வாங்கிட்டுச் சொல்லித் தர்றேன்.” அக்காவிடம் ஒரு துண்டு பனீரை நீட்டி, லட்டு உட்கார்ந்திருக்கும்போதே போடச் சொன்னார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார், கையைப் புடவையில் துடைத்தார், பிறகு மருமகளைப் பார்த்து, “நான் குடுக்கலாமாம்மா?” என்றார்.

பாட்டிதான் கடைசி மாணவி. நாயே வேண்டாம் என்றவர், கற்றுக்கொள்ள மட்டும் முதலில் வந்து நின்றார். சிக்கல் இடுப்பில். தின்பண்டத்தைக் கையுயரத்தில் கொடுத்தால் நாயின் தலை எழும், தலையின் பின்னாலேயே முன்னங்கால்களும் எழும். தரையோடு கொடுக்க வேண்டும். பாட்டியால் குனிய முடியாது. ‘தூக்கிப் போடுங்க’ என்றால் பனீர் சோபாவுக்கு அடியில் போகிறது, லட்டுவும் சோபாவும் சேர்ந்து நகர்கின்றன. பாட்டி ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய், கல்யாணச் சமையலில் பாயசம் கிளறுகிற மாதிரி நீளக் காம்பு போட்ட பித்தளைக் கரண்டியோடு வந்தார். “இனிமே இது சமையலுக்கு ஆகாது, லட்டுவோடது.” கரண்டிக் குழியில் ஒரு துண்டு, நிமிர்ந்தபடியே தரையோடு நீட்டல். மாஸ்டர் அசந்துபோனார். இருபத்தைந்து வருடத் தொழிலில் இந்தக் கருவியை அவர் பார்த்ததில்லையாம். அடுத்த வாரம் பெசன்ட் நகரில் முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு இதையே சிபாரிசு செய்தார்.

மூன்றாவது சனிக்கிழமை நான் மணி அடித்தேன். லட்டு ஓடி வந்தது, டைல்ஸில் வழுக்கியது, வழுக்கிய வேகத்திலேயே பின்புறத்தைத் தரையில் வைத்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. வால் தரையைப் பெருக்கியது. ஆனால் உட்கார்ந்திருந்தது. நாக்குத் தட்டும் சத்தம் கேட்டது. மாஸ்டர் அல்ல, பாட்டி.

நடைக்குப் பின் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மாஸ்டர் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் வெளியேறும் நேரம் எழுதப் போனார். லட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. மூன்று வாரமாக நான் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றவன். சுற்றிலும் யாரும் இல்லை. தொடையை இரண்டு தட்டுத் தட்டினேன். 27 கிலோவும் என் மார்புக்கு வந்தது. காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தேன், நன்றாகவே சொறிந்தேன்.

மாஸ்டர் திரும்பி வந்து, லட்டுவை மேலே விட்டுவிட்டு வந்து, அடுத்த வீட்டுக்காக ஈரல் டப்பாவை முன்னுக்கு எடுத்து வைத்தார். மொபெட்டை உதைத்தபடியே என் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்தார். இரண்டு பாதங்கள், தெளிவாக, பக்கத்தில் பக்கத்தில்.

“இந்த வீட்டுக்கு மட்டும் ஒரு பத்து நாளைக்கு நீங்க வராதீங்க சார்.”