நான் ஊற்றிய எண்ணெய்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆண்டு மலருக்குப் படைப்புகள் தரலாம் என்ற அறிவிப்பைப் பலகையில் பார்த்த நாள் முதல், எதைப் பற்றி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கவிதை எனக்கு வராது. சுற்றுலா அனுபவம் எழுதலாம் என்றால், நான் பார்த்த பெரிய ஊர் சேலம் ஒன்றுதான். கடைசியில், 2024 டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஒன்பது நாட்களைப் பற்றியே எழுதுவதென முடிவு செய்தேன். இதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கார் என்றதும் எங்களை வசதி படைத்தவர்கள் என்று நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். என் தந்தை லாரி ஓட்டுநராக இருந்தவர். 2019 இல் நேர்ந்த விபத்தில் அவருடைய இடது கால் முறிந்தது. எலும்பில் தகடு வைத்த பிறகு நடக்க முடிந்தது. ஆனால் நாளெல்லாம் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. எனவே சேலத்தில் துணி எடுத்துவந்து பென்னாகரம், காரிமங்கலம் போன்ற ஊர்ச் சந்தைகளில் விற்கத் தொடங்கினார். மூட்டைகளோடு பேருந்தில் ஏறி இறங்குவது அந்தக் காலுக்குப் பெருந்துன்பம். 2023 இல், அம்மாவின் மகளிர் குழுக் கடனும் அவருடைய இரண்டு வளையல்களும் சேர்ந்து ஒரு பழைய சிறிய காராக மாறின. தானாகவே கியர் மாறும் கார் அது. கிளட்ச் மிதியே கிடையாது. முதல் நாள் ஓட்டிவிட்டு இறங்கிய அப்பா, "இந்தக் காலுக்கு லீவு விட்டாச்சு கண்ணு" என்று தொடையைத் தட்டிச் சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த ஆண்டு நவம்பரில் தொல்லை தொடங்கியது. காலையில் கியர்த் தண்டை 'டி' என்ற எழுத்துக்குக் கொண்டுவந்தால் வண்டி உடனே நகராது. இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். "நீ படிச்சவன், என்னன்னு கொஞ்சம் பாரு" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மின் கட்டண ரசீது முதல் மருத்துவர் எழுதித் தரும் சீட்டு வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை.

நானும் பெரிய மனிதனைப் போல அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் குறைவாக இருந்தது. கடைத்தெருவுக்குப் போய், "ஆட்டோ கியருக்கு ஊற்றும் எண்ணெய் கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். இரண்டும் சிவப்பு. விலை குறைந்ததை வாங்கி ஒரு லிட்டர் ஊற்றினேன். நான்கைந்து நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. நான் பெருமையோடு விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் விடுமுறையின் தொடக்கத்தில், அப்பாவோடு சேலம் சென்று பொங்கல் விற்பனைக்குத் துணி ஏற்றிக்கொண்டு திரும்பினேன். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் வண்டி நடுங்கத் தொடங்கியது. பிறகு எஞ்சின் மட்டும் ஓலமிட்டது, சக்கரம் நகரவில்லை. பின்னால் லாரிகள் ஒலிப்பானை அலறவிட்டன. நான் இறங்கித் தள்ளினேன். அப்பாவும் அந்தக் காலோடு இறங்கித் தோள் கொடுத்தார். எப்படியோ ஓரம் கட்டினோம். ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

பழுதுபார்க்கும் நிலையத்தில், கியர்ப் பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும், 70 ஆயிரம் ஆகும், பிரித்த பிறகு கூடவும் ஆகலாம் என்றார்கள். காரை நாங்கள் வாங்கியதே 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கு. அன்றிரவு நான் அம்மாவிடம், "படிப்பை நிறுத்திவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன்" என்றேன். அம்மா பதில் பேசவில்லை. திண்ணையிலிருந்து அப்பாதான் சொன்னார்: "வண்டியை இரும்புக்குப் போட்டுக்கலாம். நீ படிப்பைப் பாரு."

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் 'பெரியப்பா' என்று அழைப்பேன். மறுநாள் காலையில் அவரை அழைத்து வந்தோம். "இந்த மாதிரிப் பெட்டியை நான் பிரிச்சதே இல்லை" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு அளவுக்கம்பியை இழுத்து, விரலில் தொட்டு, முகர்ந்து பார்த்தார். எண்ணெய் பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தது.

"கடைசியா என்ன எண்ணெய் ஊத்தினே தம்பி?"

"சிவப்பு எண்ணெய், பெரியப்பா."

"சிவப்பா இருக்கிறதெல்லாம் குங்குமமா? வண்டியோட புத்தகம் என்ன சொல்லுது?"

எனக்கு வியர்த்துவிட்டது. காரின் முன்பக்க அறையில், உறை கூடக் கசங்காமல் அந்தக் கையேடு கிடந்தது. ஆங்கிலம், பொடி எழுத்து. ஒன்றரை ஆண்டில் ஒரு நாளும் நான் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்தேன். எந்த வகை எண்ணெய் ஊற்ற வேண்டும், வேறு எதையும் ஊற்றக்கூடாது என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் ஊற்றியது அந்த வகையன்று. அப்பா எதிரில் நின்றுகொண்டிருந்தார். "நான் படிக்காமல் ஊற்றிவிட்டேன்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்போ படி. முதல்லேருந்து படி, நானும் கேக்கறேன்" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

அன்று பிற்பகல் முழுவதும் நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். விரிவான பணிமனைக் கையேடும் நண்பன் ஒருவன் மூலம் கிடைத்தது. கியர்ப் பெட்டி பற்றிய பக்கங்களை நகலெடுத்து வந்தேன். எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இப்போது வருகிற சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது சாதாரண கியர்ப் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் இயக்கும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது. எங்கள் கார் வேறு வகை. அது கிளம்பும்போது எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குக் கொண்டுசேர்ப்பது எண்ணெய். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905 இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் எண்ணியது கப்பல்களுக்காக. 1940 ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓல்ட்ஸ்மொபைல் கார்களில்தான், எண்ணெய் இணைப்போடு கூடிய முழுத் தானியங்கிக் கியர் முதன்முதலாகப் பெருமளவில் விற்பனைக்கு வந்தது.

பெட்டிக்குள் நடுவில் 'சூரியன்' என்ற பல்சக்கரம், அதைச் சுற்றிக் 'கோள்' சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இவற்றுள் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகமும் இழுவையும் மாறும். பிடிப்பது கிளட்ச் தட்டுகள். அந்தத் தட்டுகளை அழுத்துவது எண்ணெய். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் இது. தேர்வில் அந்த விதியை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அது எங்கள் வாசலில் நிற்கும் வண்டிக்குள் வேலை செய்கிறது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று சுருங்கும், எனவே அழுத்தம் குறையும். தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் உராய்வு, உராய்வினால் வெப்பம், வெப்பத்தினால் எண்ணெய் தீய்ந்துபோகும். வகை மாறிய எண்ணெய் என்றால், தட்டுகளுக்குத் தேவையான உராய்வுத் தன்மையும் மாறிவிடும். தொப்பூரில் வண்டி நடுங்கியதன் காரணம் விளங்கியது.

வேலையைத் தொடங்கினோம். "ஜாக்கியை நம்பி ஒரு நொடி கூட அடியிலே போகாதே" என்று பெரியப்பா நான்கு இரும்பு ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து வண்டியைத் தாங்க வைத்தார். அடியில் படுத்து, விளக்கடித்துப் பார்த்தபோது மூலக் குற்றவாளி தெரிந்தது. கியர்ப் பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்குச் சென்று எண்ணெயைக் குளிர்விக்கும் ரப்பர் குழாய், கிளிப் அருகே வெடித்துச் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது.

பழைய எண்ணெயை வாளியில் வடித்து அளந்தோம். 3 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 2 லிட்டர்தான் வந்தது. பிறகு அடித்தட்டைக் கழற்றினோம். அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது. தட்டில் ஒட்டியிருக்கும் காந்தங்களில் இரும்புச் சில்லுகள் இருந்தால் பல்சக்கரம் உடைந்திருக்கிறது என்று பொருள்; பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரியப்பா காந்தத்தை விரலால் வழித்தார். கண்மை போன்ற நைசான சாம்பல் நிறக் குழம்பு மட்டும் வந்தது. "இது தேய்மானம்தான், சில்லு இல்லை" என்றார். அம்மா அடுக்களை வாசலிலிருந்து, "நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். "நல்லதும்மா" என்றேன்.

வடிகட்டி, அடித்தட்டின் ஒட்டுத்தாள், ரப்பர் குழாய் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டோம். தட்டின் திருகாணிகளை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் விசைத்திருப்பில்தான் இறுக்க வேண்டும். மிஞ்சினால் தட்டு நெளியும். அதற்கான அளவுகோல் ஸ்பானர் எங்களிடம் இல்லை. பக்கத்து வீட்டு வெங்காய வியாபாரியின் கொக்கித் தராசை வாங்கி வந்தேன். ஸ்பானரில் 20 சென்டிமீட்டர் தூரத்தில் தராசை மாட்டி, முள் 5 கிலோ காட்டும் வரை இழுத்தால் 49 நியூட்டன், பெருக்கினால் 9.8. பெரியப்பா ஒவ்வொன்றையும் தம் கையால் தொட்டுப் பார்த்து, "என் கையும் இதைத்தான் சொல்லுது" என்றார். எனக்கு அது பட்டம் வாங்கியதைப் போலிருந்தது.

இன்னொரு சிக்கல் இருந்தது. கையேட்டின்படி மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். வடித்தால் பாதிதான் வரும். மீதி எண்ணெய் இணைப்புக்குள்ளேயே தங்கிவிடும். எனவே 3 லிட்டர் புதிது ஊற்றி, 20 கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு நாள் கழித்து மறுபடி வடித்து ஊற்றினோம். அதன்பின் மூன்றாம் முறை. முதல் முறையில் பழையது பாதி, பிறகு கால், பிறகு அரைக்கால். கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுட்காலக் கணக்கேதான். அளவு பார்ப்பதற்கும் முறை உண்டு. சமதரையில், எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கியர்த் தண்டை எல்லா எழுத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து, பிறகுதான் அளவுக்கம்பியை இழுக்க வேண்டும். நவம்பரில் நான் குளிர்ந்த வண்டியில், எஞ்சினை நிறுத்திவைத்துப் பார்த்திருந்தேன். வடித்த கழிவு எண்ணெயை மண்ணில் கொட்டாமல் கேனில் அடைத்து, அதைச் சேகரிக்கும் நிலையத்தில் கொடுத்தோம்.

ஒன்பது லிட்டர் எண்ணெய் 5,850 ரூபாய்; வடிகட்டியும் ஒட்டுத்தாளும் 1,400; குழாயும் கிளிப்பும் 350. ஆக மொத்தம் 7,600 ரூபாய். பெரியப்பா கூலி வாங்க மறுத்துவிட்டார். அம்மா அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

பொங்கலுக்கு முன் மீண்டும் சேலத்திலிருந்து மூட்டைகளோடு தொப்பூர் ஏறினோம். மூவரும் பேசவில்லை, எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். நடுக்கமில்லை. வண்டி ஏறிவிட்டது. எனினும் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சிறு உதறல் இன்றும் இருக்கிறது. "தீஞ்ச தட்டு மறுபடி முளைக்காது தம்பி. ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று பெரியப்பா சொன்னார். ஒருவேளை பெட்டியைப் பிரிக்கும் நாள் பின்னால் வரலாம். அதற்காக அப்பா மாதம் ஒரு தொகையை எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறை அந்த உதறல் வரும்போதும் அது நான் ஊற்றிய ஒரு லிட்டரை எனக்கு நினைவூட்டுகிறது. அப்பா அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீடுகளில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். வங்கிப் படிவமும், மருந்துச் சீட்டும், உரமூட்டையின் மேல் அச்சிட்ட எழுத்தும் நம்மிடம்தான் நீட்டப்படுகின்றன. 'படித்தவன் சொல்கிறான்' என்று நம்பி நாம் காட்டிய இடத்தில் கைநாட்டு வைக்கிறார்கள். நாம் கொடுத்த மாத்திரையை விழுங்குகிறார்கள். அவர்கள் நம்பும் அளவுக்கு நாம் உண்மையில் படித்துப் பார்த்துத்தான் சொல்கிறோமா? நான் அன்று படிக்கவில்லை.

இப்போது காரின் முன்பக்க அறையில், கையேட்டின் மேல், ஓர் அட்டை இருக்கிறது. எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எப்படி அளவு பார்ப்பது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் விடுதியில் இருக்கும் நாட்களில் அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்து, தாமே அளவு பார்த்துக்கொள்கிறார்.