முதியோர் இல்லங்கள்: சோறு மட்டும் போதுமா?

முதியோர் இல்லம் என்றாலே நம்மூரில் விவாதம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். பெற்றோரை அங்கே கொண்டுபோய் விடுவது சரியா, தவறா? பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் பேசும், கைதட்டல் விழும், பெற்ற மனம் பித்து பிள்ளை மனம் கல்லு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டவர்களை யார், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் மேடை ஏறுவதே இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கச் சரியான இடம் செங்கல்பட்டு பக்கம்தான். சென்னைக்கு அருகில் இருக்க வேண்டும், நிலம் சென்னை விலையில் இருக்கக் கூடாது, காற்றும் அமைதியும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், பழைய மாமல்லபுரம் சாலையிலும், செங்கல்பட்டு - திருக்கழுக்குன்றம் சுற்று வட்டாரத்திலும்தான். அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்கள் ஒரு பக்கம். மாதக் கட்டணம் வாங்கும் இல்லங்கள் இன்னொரு பக்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக வாங்கிக் கொடுக்கும் 'ரிட்டயர்மெண்ட்' குடியிருப்புகள் வேறு.

தேவை குறையப் போவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் நிபுணர் குழு மதிப்பீட்டின்படி 2031-ல் இது 18.2 சதவீதம் ஆகும். அதாவது ஆறு பேரில் ஒருவருக்கும் மேல்!

இந்தக் கடற்கரைச் சாலைக்கு இதில் நல்ல முன்னோடி ஒன்றும் உண்டு. சாவித்திரி வைத்தி என்ற பெண்மணி, தோழிகளுடன் நடத்திய திங்கட்கிழமை தர்ம சங்கத்தின் தொடர்ச்சியாக, 1978-ல் 'விச்ராந்தி' என்ற இல்லத்தைத் தொடங்கினார். ஆதரவற்ற வயதான பெண்களுக்கான அந்த இல்லம் பாலவாக்கத்தில் வளர்ந்தது. பணம் வாங்காமலும் ஒரு இல்லத்தை மரியாதையாக நடத்த முடியும் என்று பலருக்கும் நம்பிக்கை கொடுத்த இடம் அது.

அதே வட்டாரம் இன்னொரு செய்தியையும் பார்த்தது. 2018 பிப்ரவரி. உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரத்தில் இயங்கிய செயின்ட் ஜோசப் கருணை இல்லத்தின் வேன் ஒன்று வழியில் நிறுத்தப்பட்டது. உள்ளே காய்கறி மூட்டைகள், ஒரு சடலம், கூடவே உயிருள்ள வயதானவர்கள். இறந்தவர்களை அந்த இல்லம் வளாகத்திலேயே கான்கிரீட் அறைகளில் வைத்து அடக்கம் செய்து வந்ததும் அப்போது பேசுபொருள் ஆனது. உறுப்புத் திருட்டு, எலும்புக் கடத்தல் என்றெல்லாம் வதந்திகள் பறந்தன. நிர்வாகம் எல்லாவற்றையும் மறுத்தது. தெருவில் சாகக் கிடந்தவர்களைத்தான் எடுத்து வந்தோம், அதனால்தான் இங்கே மரணங்கள் அதிகம் என்றது. கடைசியில் அங்கிருந்த சுமார் முந்நூறு பேரை அரசு வேறு இடங்களுக்கு மாற்றியது.

அந்த நாட்களில் எல்லோரும் கேட்டது, இங்கே எப்படிச் செத்தார்கள் என்றுதான். எப்படி இருந்தார்கள் என்று அதற்கு முன் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை முறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள், ராத்திரியில் தண்ணீர் கேட்டால் யார் கொடுத்தார்கள், மருந்துச் சீட்டு யார் கையில் இருந்தது? ஒரு இல்லம் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது இவைதான். சடலம் செய்தியாகும். படுக்கைப் புண் செய்தியாகாது.

படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்ளலாம். நகர முடியாத ஒருவர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை போகும். இதைத் தடுக்கப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், துணி ஈரமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சத்தான ஆகாரம் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் முதலில் வேண்டியது ஆள். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கும் முழித்திருக்கும் ஆள்.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்ப்பார். அப்படியென்றால் எந்த நேரமும் ஒரே ஒரு ஆள் பணியில் இருக்கவே மூன்றரைப் பேரை வேலைக்கு வைக்க வேண்டும். முப்பது பேர் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு இல்லத்தில் பத்துப் பேருக்கு ஒரு உதவியாளர் என்றால், விடுப்பையும் சேர்த்துப் பன்னிரண்டு பேராவது வேண்டும். ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,44,000 ரூபாய். தலைக்கு 4,800. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய் என்றாலும் மாதம் மூவாயிரம்தான் ஆகிறது. ஆக, ஒரு இல்லத்தின் பெரிய செலவு சோறு அல்ல, கை.

ஆனால் நம் மக்கள் கொடுப்பது என்ன? சோறு! பிறந்த நாள், கல்யாண நாள், திதி, எதுவானாலும் முதியோர் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு. வடை பாயசத்தோடு இலை போட்டு, வரிசையாக உட்கார வைத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். மனசு நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரிசையில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கலாம், சிலருக்குப் பல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேர் சாப்பாடு கொண்டு வருவார்கள், செவ்வாய்க்கிழமை இரவு யாரும் வரமாட்டார்கள். "எங்க அப்பா நினைவா ஒரு மாசம் நைட் ஆயா சம்பளம் நாங்க கொடுக்கிறோம்" என்று சொல்பவரைப் பார்ப்பது அபூர்வம். வருமான வரிச் சட்டத்தின் அனுமதி பெற்ற அறக்கட்டளை என்றால், சாப்பாட்டை வாங்கிக் கொடுப்பதற்குக் கிடைக்காத நன்கொடைக் கழிவு, பணமாகக் கொடுப்பதற்குக் கிடைக்கவும் கிடைக்கும். ஆனாலும் சம்பளத்தைப் போட்டோ எடுக்க முடியாதே!

சரி, அரசு என்ன செய்கிறது? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி, மாநில அரசு இல்லங்களை அமைக்கலாம் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. அவற்றுக்குத் தர விதிகளை வகுக்கலாம் என்றும் சொல்கிறது. கவனிக்க வேண்டியது அந்த 'லாம்'. இந்தச் சட்டத்தைத் திருத்தி, எல்லா இல்லங்களுக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்று 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்துவிட்டது.

வரி விஷயத்தில் மட்டும் அரசு தெளிவு! அரசோ, வருமான வரிச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்தும் இல்லம், 60 வயதைக் கடந்தவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது என்று 2018-ல் விலக்கு கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். அந்த 25,000 ரூபாய்க்கு என்ன கவனிப்பு கிடைக்க வேண்டும் என்பதையும் இதே தெளிவோடு எழுதி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

அவேதிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர் 1966-லேயே ஒரு வழி சொன்னார். கவனிப்பின் தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம்: என்ன வசதி இருக்கிறது, என்ன செய்கிறார்கள், அதனால் என்ன விளைகிறது. நம்மூரில் ஆய்வுக்கு வருபவருக்குச் சுலபமாகக் கண்ணில் படுவது முதலாவதுதான். கட்டில்கள், கழிப்பறைகள், தீயணைப்புக் கருவி. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கைப்பிடி வைத்த கழிப்பறை இருந்தும், அழைத்துப்போக ஆள் இல்லாமல் காலையிலிருந்து டயப்பரிலேயே கிடப்பவருக்கு அந்தக் கைப்பிடியால் என்ன பயன்?

அமெரிக்காவில் 1987-ல் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கென்று சட்டத்தைச் சீர்திருத்தினார்கள். வேலையைச் சுலபமாக்குவதற்காக யாரையும் கட்டிப் போடக்கூடாது என்பதை உரிமையாகவே எழுதினார்கள். 2008 முதல் ஒவ்வொரு இல்லத்துக்கும் நட்சத்திர மதிப்பெண் கொடுத்துப் பொதுமக்கள் பார்க்க வெளியிடுகிறார்கள். இத்தனை இருந்தும் 2020-ல் கொரோனா வந்தபோது அங்கே இந்த இல்லங்களில்தான் ஏராளமானோர் இறந்தார்கள். மதிப்பெண் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மை. ஆனால் எங்கே தவறு நடந்தது என்று அங்கே தேடிப் பார்க்கப் பதிவுகளாவது இருந்தன.

அதுவரை குடும்பங்கள் என்ன செய்யலாம்? இல்லத்தைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் சில கேள்விகள் கேட்கலாம். இரவில் எத்தனை பேர் முழித்திருப்பார்கள்? இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? சாயங்காலம் ஆறு மணிக்கே கொடுத்துவிட்டால் மறுநாள் காலை எட்டு மணி வரை பதினான்கு மணி நேரம் வெறும் வயிறு. இப்போது யாருக்காவது படுக்கைப் புண் இருக்கிறதா? நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள்? மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். 108-ஐ அழைக்கப்போவது யார், கூடப் போகப்போவது யார் என்பதற்கு உடனே பதில் வர வேண்டும். சேர்த்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய்ப் பார்க்கலாம். அதற்கு அனுமதி இல்லை என்றால், அதுவே ஒரு பதில்தான். ஏதாவது தவறு கண்ணில் பட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

இன்னொன்று, இது காசு செலவில்லாதது. அங்கே இருப்பவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கலாம். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய டீச்சர், இல்லத்துக்குள் வந்ததும் "நாலாம் நம்பர் பெட்" ஆகிவிடுகிறார் என்றால் அந்த இல்லத்தில் மற்றதும் அப்படித்தான் இருக்கும். "டீச்சரம்மா, எழுந்திருங்க, காபி ஆறிடப் போகுது" என்று ஒரு ஆயா சொன்னால், அந்த இல்லத்தின் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. அந்த ஆயாவுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டு வரலாம்.