உறுதியும் காணியும்

வீடு கட்டிய அனுபவத்தை ஆண்டு விழா மலருக்கு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். சிட்னியின் மேற்குப் புறத்திலே வீடு கட்டிக் குடியேறிய தமிழர் எத்தனையோ பேர் இருக்க, எமது கதையில் என்ன புதுமை? ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் காணி வாங்கியபோது இந்நாட்டின் நிரந்தர வதிவாளர் அல்லர். தற்காலிக வேலை விசாவில் வந்திருந்த அந்நியர்.

2016 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அக்காணியைக் கண்டோம். பரப்பளவு 450 சதுர மீற்றர். யாழ்ப்பாணக் கணக்கிலே ஒன்றே முக்கால் பரப்புக்குச் சற்றே கூடுதல். மயிலிட்டியில் எமது வளவு ஏழு பரப்பு. 1990 ஜூனில் அதை விட்டு ஓடியபோது அப்பா ஒரு பையில் எடுத்து வந்தவை காணி உறுதியும் என் பிறப்புச் சான்றிதழும் மாத்திரமே. அவ்வூர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. உறுதி எம்மிடமும் காணி இராணுவத்திடமுமாக இருபத்தேழு ஆண்டுகள் சென்றன.

இங்கே தற்காலிக விசாவில் இருப்பவர் காணி வாங்குவதாயின் முதலில் அரசாங்கத்தின் அனுமதியைப் பெறல் வேண்டும். 1976 இல் அமைக்கப்பட்ட வெளிநாட்டு முதலீட்டு மீளாய்வுச் சபையின் விதி அது. 2015 டிசம்பர் முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணமும் விதிக்கப்பட்டது. எமக்கு அது 5,000 டொலர். வெற்றுக் காணியாயின் நான்கு ஆண்டுகளுக்குள் வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இதனைத் தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"காணி விக்கிறதெண்டால் பங்காளியைக் கேக்க வேணும், அது சரி. வாங்கிறதுக்கும் ஆரையும் கேக்கிறதோ பிள்ளை?"

அவர் சொன்னது தேசவழமையை. யாழ்ப்பாணத்தில் காணி விற்பவர் அதை முதலில் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் கேட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாறு செய்யாது பிறத்தியாருக்கு விற்றால் அவர்கள் நீதிமன்றம் செல்லலாம். இங்கோ விற்பவருக்கு அத்தகைய கட்டு எதுவுமில்லை. வாங்கும் அந்நியருக்கே கட்டு. விதி இப்போது மேலும் இறுகியுள்ளது. 2025 ஏப்பிரல் 1 முதல் தற்காலிக விசாவினர் ஏற்கெனவே உள்ள வீட்டை வாங்குவதற்கே தடை கொண்டுவரப்பட்டது. நாம் வாங்கிய காலத்தில் அத்தடை இருக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அந்நியர்மீது விதித்த மேலதிக முத்திரை வரியும் 2016 ஜூன் 21 இலேயே தொடங்கியது. சில வாரங்களால் தப்பினோம். இதில் எமது கெட்டித்தனம் எதுவுமில்லை.

கெட்டித்தனம் இல்லாமற் போனது வேறோரிடத்தில். கட்டிட நிறுவனத்தின் விலைப்பட்டியலிலே கண்ட தொகையை வீட்டின் விலை என்றே நம்பினோம். அது சமதளமான, நல்ல மண்ணுள்ள காணிக்குரிய விலை. எமது காணியோ சரிவானது. மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் களிமண். அதன் அடியிலே பாறை. மண் பரிசோதனை அறிக்கை வந்தபின் மேலும் 18,000 டொலர் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தது. நாம் தாம் வாசிக்கவில்லை. காணி வாங்கும் ஒப்பந்தத்திலாவது ஐந்து வேலை நாட்களுக்குள் விலைத்தொகையில் கால் வீதத்தை இழந்து விலகிக்கொள்ளலாம். மண்ணைப் பார்க்க வேண்டிய நேரம் அந்த ஐந்து நாட்களே என்பதை இதனை வாசிக்கும் பெற்றோர் நினைவில் வைத்திருப்பாராக.

2017 பெப்ரவரியில் அப்பா சுற்றுலா விசாவில் வந்து சேர்ந்தார். பெட்டிக்குள்ளே பஞ்சாங்கமும் அந்த உறுதியும் இருந்தன. வீட்டின் மரச்சட்டங்கள் எழுந்து நின்ற நாளில் அவரைக் கூட்டிச் சென்றேன். நெடுநேரம் சுற்றி வந்தார். பாரத்தைத் தாங்குவது பைன் மரச்சட்டம். செங்கல் வெளிப்புறத்துப் போர்வை மாத்திரமே என்றபோது அவரால் நம்ப முடியவில்லை. சுண்ணக்கல்லிலே வீடு கட்டிய ஊரவர் அல்லவா? சூரியனும் அவரைக் குழப்பியது. நண்பகலில் அது வடக்குப் பக்கமாக நின்றது. "அப்ப அக்கினி மூலை எதெண்டு பாக்கிறது?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. சமையலறை நிறுவனத்தின் வரைபடத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஜூலை மாத முடிவில் குடிபூரல் என்று நாள் குறித்தோம். ஜூலை 3 ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. எமது வளவும் அதனுள் அடங்கியது. அடுத்த கிழமையே அப்பா பயணச்சீட்டை மாற்றினார். குடிபூரல் வரையேனும் நில்லுங்கள் என்று மன்றாடினேன், பின் கோபித்தேன். "உன்ர வீடு எங்கயும் போகாது பிள்ளை" என்றார். அவர் இல்லாமலே பால் காய்ச்சினோம். அன்று மாலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. வீட்டின் கூரையில்லை, நிலைகளில்லை, சுவரும் பெரும்பாலும் இல்லை. எல்லைப் பனைகளும் இல்லாததால் வளவு எங்கே தொடங்குகிறதென்று அறிய நில அளவையாளர் வரவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "கிணறு இருக்கு" என்றார்.

இப்போது அவர் எம்முடன் இருக்கிறார். ஒரு நாள் எமது வீட்டின் உறுதியைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. 1858 இல் தென் அவுஸ்திரேலியாவில் ரொபேட் ரொறன்ஸ் கொண்டுவந்த முறைப்படி அரசாங்கப் பதிவேடே உரிமையாகும். நியூ சவுத் வேல்ஸில் கடுதாசியில் வழங்கப்பட்ட உரிமைப் பத்திரங்களும் 2021 ஒக்ரோபர் 11 உடன் செல்லுபடியற்றனவாயின. எமது காணிக்கு ஓர் இலக்கம் உண்டு, அவ்வளவே. "கடுதாசி இல்லாமல் எப்பிடி நித்திரை கொள்ளுறியள்?" என்று கேட்டார்.

சென்ற மாதம் என் மகளுக்குத் தமிழ்ப் பாடசாலையிலே வீட்டுப்பாடம்: வீட்டிலுள்ள பழைய தமிழ் எழுத்து ஒன்றை வாசித்து வருக. அப்பா பெட்டியைத் திறந்து உறுதியைக் கொடுத்தார். மடிப்புகளில் கிழிந்த தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். காணியின் பெயர் வேம்படிவளவு. காணிக்குப் பெயர் வைப்பார்களா என்று வியந்தாள். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரது வளவு என நான்கு எல்லையும் தாண்டி, "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும்" என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"தாத்தா, மற்ற இரண்டு பங்கும் யாருக்கு?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒருவர் பாரிசில் இருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். நான் தேநீர் போட எழுந்தேன்; திரும்பி வந்தபோது அவர் இன்னும் முதலாவது பங்காளியின் கலியாணத்திலேயே நின்றார்.